சிங்கப்பூரின் கல்குவாரி ஏரிகளும் நடைபாதைகளும்

சிங்கப்பூரின் கல்குவாரி ஏரிகள் என்பவை கருங்கல் வெட்டியெடுத்த பள்ளங்களில் மழைநீரும் நிலத்தடி நீரும் தேங்கி உருவான நீர்நிலைகளாகும். தீவின் நடுப்பகுதியில் புக்கிட் தீமா குன்றைச் சுற்றியும், அதற்கு மேற்கே புக்கிட் பாத்தோக், புக்கிட் கோம்பாக் வட்டாரங்களிலும், வடகிழக்கே புலாவ் உபின் தீவிலும் இவை உள்ளன. சாலைக்கும் கட்டடத்துக்கும் துறைமுகத்துக்கும் கல் கொடுத்த இந்தப் பள்ளங்களின் ஓரங்களில் இப்போது நடைபாதைகளும் பார்வைமேடைகளும் அமைந்துள்ளன.

பார்வைக்கு இவை இயற்கை ஏரிகளைப் போலவே இருந்தாலும் அமைப்பில் வேறுபட்டவை. இயற்கை ஏரிக்குச் சரிவான கரை உண்டு. குவாரி ஏரிக்கு வெட்டிய சுவர்தான் கரை. காண்பவரைக் கவரும் அந்தச் செங்குத்துப் பாறைச் சுவரே இவ்விடங்களின் பெரிய ஆபத்தும் ஆகும். எனவே இவற்றைப் பொதுமக்களுக்குத் திறக்கும்போது, மனிதர் நீருக்கு எவ்வளவு அருகில் வரலாம், எந்தப் பக்கத்திலிருந்து வரலாம் என்பது முதலில் முடிவு செய்யப்பட வேண்டியிருந்தது. ஒவ்வோர் ஏரிக்கும் இதற்கு வெவ்வேறு விடை கிடைத்துள்ளது.

கல்லும் நிலமும்

சிங்கப்பூரின் நடுப்பகுதியிலும் வடபகுதியிலும், புலாவ் உபினிலும் நிலத்துக்கு அடியில் இருப்பது புக்கிட் தீமா கருங்கல் என்று நிலவியலாளர் அழைக்கும் பாறை. பூமியின் ஆழத்தில் உருகிய குழம்பு மெல்லக் குளிர்ந்து இறுகியதால் உண்டான இப்பாறை டிரையாசிக் காலத்தைச் சேர்ந்தது. அதாவது 20 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது. புக்கிட் கோம்பாக் பகுதியில் இருப்பது இதனினும் கருமை நிறமுடைய நோரைட் வகைப் பாறை. இரண்டும் கடினமானவை. உடைத்தால் கூர்முனைகளுடன் சிதறுவதால் சாலை ஜல்லிக்கும் கான்கிரீட்டுக்கும் ஏற்றவை.

சிங்கப்பூரின் மிக உயரமான இயற்கைக் குன்றாகிய புக்கிட் தீமா ஏறத்தாழ 164 மீட்டர் உயரமுடையது. மலாய் மொழியில் 'புக்கிட்' என்றால் குன்று; 'தீமா' என்றால் வெள்ளீயம். பெயர் அப்படியிருந்தாலும் இக்குன்று சிங்கப்பூருக்குத் தந்தது கருங்கல்தான். புலாவ் உபினின் பெயரோ கல்லோடு நேராகத் தொடர்புடையது. 'புலாவ்' என்றால் தீவு. 'உபின்' என்பது, தரைக்குப் பாவும் சதுரக் கல்லைக் குறிக்கும் 'ஜுபின்' என்ற மலாய்ச் சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்லப்படுகிறது.

குவாரிகளின் வரலாறு

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இங்கு கல்லுடைப்பு நடந்தது. சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு நுழைவாயிலில் பெட்ரா பிராங்கா பாறைமேல் நிற்கும் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் புலாவ் உபின் கருங்கல்லால் கட்டப்பட்டு 1851இல் ஒளியேற்றப்பட்டது. சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும் கடற்பாலத்தின் கட்டுமானம் 1919இல் தொடங்கியது. 1924இல் முறையாகத் திறக்கப்பட்ட அப்பாலத்துக்காகக் கடலில் கொட்டப்பட்ட கல்லும் புக்கிட் தீமாவிலிருந்தும் புலாவ் உபினிலிருந்தும் சென்றதே.

1825 முதல் 1873 வரை சிங்கப்பூர், இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளின் குடியிருப்பாகவும் இருந்தது. சென்னை மாகாணத்திலிருந்து வந்தவர்களும் அவர்களுள் அடங்குவர். சாலை போடுதல், செங்கல் அறுத்தல், கல்லுடைத்தல் ஆகிய வேலைகளில் அவர்கள் ஈடுபடுத்தப்பட்டனர். பிற்காலத்தில் தனியார் நிறுவனங்கள் குவாரிகளை நடத்தின. சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் அவற்றில் வேலை செய்தனர். புலாவ் உபினில் குவாரி வேலையை நம்பியே கிராமங்கள் வளர்ந்தன.

புக்கிட் தீமாவில் கல்லுடைப்பும் காட்டுப் பாதுகாப்பும் நெடுங்காலம் பக்கத்துப் பக்கத்தில் நடந்தன. தாவரவியல் பூங்காவின் பொறுப்பாளராக இருந்த நத்தானியேல் கான்ட்லியின் பரிந்துரையை ஏற்று, 1883இல் இக்குன்று காப்புக்காடாக்கப்பட்டது. 1951இல் இயற்கைக் காப்பகச் சட்டம் அதற்குக் கூடுதல் பாதுகாப்பு அளித்தது. எனினும் காப்பகத்தின் எல்லையை ஒட்டியிருந்த குவாரிகளில் வெடிவைத்துக் கல் எடுப்பது அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் தொடர்ந்தது. அவை ஒவ்வொன்றாக மூடப்பட்டன. புலாவ் உபினின் கடைசிக் குவாரி 1999இல் நின்றது.

மூடப்பட்ட குவாரிகள் எல்லாம் ஏரியாகிவிடவில்லை. மண்டாயில் இருந்த பழைய குவாரிக்கு அடியில் கருங்கல்லைக் குடைந்து நிலத்தடி வெடிமருந்துக் கிடங்கு அமைக்கப்பட்டு, 2008இல் பயன்பாட்டுக்கு வந்தது. புக்கிட் தீமா அருகே உள்ள டைரி ஃபார்ம் குவாரி நீர் தேங்காமல் வறண்ட நிலையில் இருக்கிறது. அங்குப் பாறையேற்றப் பயிற்சி நடைபெறுகிறது.

பள்ளம் ஏரியாகும் விதம்

இயங்கும் குவாரியின் அடித்தளம் பெரும்பாலும் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும். கருங்கல் நீரை உறிஞ்சாது. ஆனால் அதில் உள்ள வெடிப்புகள் வழியாக நீர் கசிந்துகொண்டே இருக்கும். வேலை நடக்கும்வரை பம்பு வைத்து அந்த நீரை இறைத்துவிடுவார்கள். வேலை நின்று பம்பும் நின்றதும் பள்ளம் நிரம்பத் தொடங்குகிறது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் சிங்கப்பூரில் மழைநீரும் சேர்ந்துகொள்ள, நீர் விரைவாக ஏறுகிறது. சுற்றுப்புற நிலத்தடி நீர்மட்டத்துக்குச் சமமாகும்போதோ, பள்ளத்தின் தாழ்வான விளிம்பு வழியே வழியும்போதோ ஏற்றம் நிற்கிறது.

இப்படி உருவாகும் ஏரிக்கு மூன்று இயல்புகள் உண்டு.

முதலாவது, கரையோர ஆழம். இயற்கை ஏரியில் கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று ஆழம் படிப்படியாகக் கூடும். குவாரி ஏரியில் முதல் அடியிலேயே நிலைகொள்ளாத ஆழம் இருக்கலாம். கல் வெட்டிய படிகள் நீருக்கடியில் மறைந்திருப்பதால், ஓரிடத்தில் கால் எட்டுவதை வைத்து அடுத்த இடமும் அப்படியே இருக்கும் என்று கருத முடியாது.

இரண்டாவது, அடுக்கடுக்கான நீர். உயர்ந்த பாறைச் சுவர்கள் காற்றைத் தடுப்பதால் நீர் நன்றாகக் கலப்பதில்லை. வெயில் பட்ட மேல்நீர் சூடாகவும் அடிநீர் அதைவிடக் குளிர்ந்தும் இருக்கும். மேலிருந்து காற்று கலவாத அடிநீரில் உயிர்வளி குறைந்துபோகிறது. அங்கு மீன்கள் வாழ்வது கடினம்.

மூன்றாவது, ஆழமற்ற ஓரம் இல்லாமை. ஏரியில் உயிர்கள் மிகுதியாக இருக்கும் இடம், வெளிச்சம் அடிவரை எட்டும் ஓரப்பகுதிதான். கோரையும் நீர்த்தாவரங்களும் அங்கேதான் வேர்பிடிக்கும். மீன்குஞ்சுகளும் தவளைகளும் தும்பிகளும் அங்கேதான் பெருகும். நாரை நின்று இரை தேடுவதும் அங்கேதான். செங்குத்துச் சுவருடைய குவாரி ஏரியில் அந்த ஓரம் ஏறக்குறைய இல்லை. இத்தகைய ஏரி பசுமையாகத் தெரிந்தாலும் அதில் உயிர்வளம் தானாகப் பெருகிவிடாது. பசுமை நிறமே பெரும்பாலும் நீரில் மிதக்கும் நுண்பாசிகளாலும் மிக மெல்லிய கல்தூசியாலும் வருவது.

பழைய குவாரிகளைத் திருத்தியமைத்தவர்கள் முதன்மையாகச் செய்ய வேண்டியிருந்தது இந்த மூன்றாவது குறையை ஈடுசெய்வதே.

புக்கிட் தீமாவைச் சுற்றி

ஹிண்ட்ஹீட் குவாரி

புக்கிட் தீமா இயற்கைக் காப்பகத்தின் நுழைவாயிலை ஒட்டி ஹிண்ட்ஹீட் இயற்கைப் பூங்கா உள்ளது. டென்மார்க்கைச் சேர்ந்த பொறியாளர் யென்ஸ் ஹிண்ட்ஹீடின் பெயரைத் தாங்கிய குவாரி இது. 2001இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. நுழைவாயிலிலிருந்து சிறிது தூரம் நடந்தால் பார்வைமேடையை அடையலாம். எதிரே பாறைச் சுவர் நிமிர்ந்து நிற்க, அதன் அடியில் பசுமையான நீர் அசைவின்றிக் கிடக்கும்.

இங்குள்ள பாதை மேடையோடு முடிந்துவிடுகிறது. நீரோரம் செல்லவோ ஏரியைச் சுற்றி வரவோ வழியில்லை. நீரின் ஆழமும் சுவரிலிருந்து கல் உதிரும் வாய்ப்பும் இதற்குக் காரணம். பார்க்க மட்டும் அனுமதி, அணுக அனுமதியில்லை என்ற முறைக்கு ஹிண்ட்ஹீட் தெளிவான எடுத்துக்காட்டு.

சிங்கப்பூர் குவாரியும் டைரி ஃபார்ம் பூங்காவும்

குன்றின் மறுபக்கத்தில் உள்ள சிங்கப்பூர் குவாரியில் வேறு முறை கையாளப்பட்டது. 2009இல் டைரி ஃபார்ம் இயற்கைப் பூங்கா திறக்கப்பட்டபோது இக்குவாரி ஈரநிலமாக மாற்றியமைக்கப்பட்டு அதன் ஒரு பகுதியாயிற்று. ஆழமற்ற பகுதிகளும் நீர்த்தாவரங்களும் சேர்ந்ததால் நீர்ப்பறவைகள் வரத் தொடங்கின. சிங்கப்பூரில் அரிதாகிவிட்ட முக்குளிப்பான் இங்குக் காணப்பட்டது பறவை ஆர்வலர்களைப் பெரிதும் ஈர்த்தது. நீரின் மேல் நீண்டு நிற்கும் மேடையிலிருந்து ஈரநிலத்தையும் அதன் பின்னே உயரும் பாறைச் சுவரையும் ஒருசேரப் பார்க்கலாம்.

63 ஹெக்டேர் பரப்புள்ள டைரி ஃபார்ம் பூங்காவின் பெயர் இங்கே முன்பு இயங்கிய பால்பண்ணையைக் குறிப்பது. பழைய மாட்டுத் தொழுவமே இப்போது வாலஸ் கல்வி மையமாக உள்ளது. இயற்கை அறிஞர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1854இல் புக்கிட் தீமாவில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவரின் இல்லத்தில் தங்கி, சுமார் இரண்டே மாதங்களில் ஏறத்தாழ 700 வகை வண்டுகளைத் திரட்டினார். பண்ணையின் எச்சங்களினூடே செல்லும் வாலஸ் பாதை அவர் பெயரால் அமைந்தது.

2011 ஜூன் 30உடன் நிறுத்தப்பட்ட மலாயா ரயில் பாதையின் 24 கிலோமீட்டர் தடம், ரயில் காரிடார் என்ற பெயரில் நடைபாதையாகியுள்ளது. அது புக்கிட் தீமாவை ஒட்டிச் செல்வதால், பழைய ரயில் தடத்தையும் குவாரிகளையும் ஒரே நடையில் இணைத்துப் பார்ப்பவர்கள் பலர்.

சின் செங் குவாரி

காப்பகத்தின் தென்புறத்தில் ரைஃபிள் ரேஞ்ச் இயற்கைப் பூங்கா 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. 66 ஹெக்டேர் பரப்புள்ள இப்பூங்காவில் சின் செங் என்ற பழைய குவாரி நன்னீர் ஈரநிலமாக்கப்பட்டுள்ளது. அதன் குறுக்கே மரப்பலகைப் பாதை செல்கிறது. குவாரியின் விளிம்பில் உயரத்தில் அமைந்த கொலுகோ மேடையிலிருந்து கீழே ஈரநிலத்தைப் பார்க்கலாம். கொலுகோ என்பது கைகால்களுக்கு இடையே உள்ள தோலை விரித்து மரத்துக்கு மரம் சறுக்கிப் பறக்கும் பாலூட்டி.

ரைஃபிள் ரேஞ்ச், டைரி ஃபார்ம், ஹிண்ட்ஹீட் ஆகிய மூன்றும் காப்பகத்துக்கு அரண் போன்ற பூங்காக்கள். காப்பகத்துக்குள் குவியும் கூட்டத்தை வெளியே பகிர்ந்துகொள்வது இவற்றின் வேலை. இத்தேவை எவ்வளவு பெரியது என்பதைப் புக்கிட் தீமா காட்டியது. ஏறுவோரின் காலடிகளால் பாதைகள் அரித்துப்போனதால், 2014 செப்டம்பர் முதல் 2016 அக்டோபர் வரை காப்பகத்தைச் சீரமைக்க வேண்டியதாயிற்று. சரிவுகள் பலப்படுத்தப்பட்டன, பல இடங்களில் மண்பாதைக்கு மேல் பலகைப் பாதை போடப்பட்டது.

புக்கிட் கோம்பாக், புக்கிட் பாத்தோக்

லிட்டில் குய்லின்

புக்கிட் பாத்தோக் நகரப் பூங்காவில் உள்ள பழைய கோம்பாக் குவாரியை மக்கள் லிட்டில் குய்லின் என்றும், சீனத்தில் சியாவ் குய்லின் என்றும் அழைக்கின்றனர். நீர் நடுவே செங்குத்தாக நிற்கும் பாறைகள் சீனாவின் குவாங்ஸி பகுதியில் உள்ள குய்லின் மலைக்காட்சியை நினைவூட்டுவதால் வந்த பெயர் இது. ஒப்புமை தோற்றத்தோடு நின்றுவிடுகிறது. குய்லினின் மலைகள் சுண்ணாம்புக் கல். மழைநீர் பல்லாயிரம் நூற்றாண்டுகளாகக் கரைத்துச் செதுக்கியவை. கோம்பாக்கின் பாறை நீரில் கரையாத நெருப்புப் பாறை. அதைச் செதுக்கியவை உளியும் வெடிமருந்தும். கல் எடுப்பவர்கள் விட்டுச்சென்ற பகுதியே இப்போது காட்சிப் பொருளாக நிற்கிறது.

இப்பள்ளத்தை நிரப்பிச் சாலை போடுவதே முதல் திட்டமாக இருந்தது. நீரும் பாறையும் சேர்ந்து தந்த தோற்றம் கருத்தைக் கவர்ந்ததால், 1980களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அதைப் பூங்காவாக்கியது. புக்கிட் கோம்பாக் எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்தே வரக்கூடிய தூரத்தில் இருப்பதால், அடுக்குமாடிக் குடியிருப்பாளர்கள் காலையும் மாலையும் வந்து செல்லும் இடமாக இது இருக்கிறது. பாதை நீருக்கு இப்பால் மட்டும் செல்கிறது. பாறைகள் அப்பால் நிற்கின்றன.

புக்கிட் பாத்தோக் இயற்கைப் பூங்கா

கைவிடப்பட்ட மற்றொரு குவாரியில் 1988இல் அமைக்கப்பட்ட 36 ஹெக்டேர் பூங்கா இது. குவாரிக் குளத்தின் ஓரத்திலிருந்து பாதைகள் குன்றின்மேல் ஏறுகின்றன. உச்சியில் இரண்டாம் உலகப் போரின் எச்சம் ஒன்று உண்டு. ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க் கைதிகளைக் கொண்டு இங்கே போர் நினைவுச்சின்னம் ஒன்று கட்டப்பட்டது. போர் முடியும் தறுவாயில் ஜப்பானியரே அதை இடித்துவிட்டனர். அதற்கு ஏறிச்சென்ற நீண்ட படிக்கட்டு மட்டும் எஞ்சியுள்ளது.

புலாவ் உபின்

சுமார் 10 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள புலாவ் உபினுக்குச் சாங்கி முனைப் படகுத்துறையிலிருந்து பம்போட் எனப்படும் சிறு மரப்படகில் செல்ல வேண்டும். ஒரு படகில் 12 பயணிகள் ஏறலாம். தீவில் பல குவாரி ஏரிகள் உள்ளன. குவாரிகளும் ரப்பர்த் தோட்டங்களும் நின்றபின் காடு பெருமளவு திரும்பிவிட்டதால், ஏரிகள் மரங்களுக்கு நடுவே திடீரெனக் கண்ணில் படுகின்றன.

படகுத்துறைக்கு அருகில் இருப்பது பெக்கான் குவாரி. 'பெக்கான்' என்றால் மலாய் மொழியில் சிறுநகரம். நீர் நடுவே உள்ள திட்டுகளில் நாரைகள் கூடு கட்டுகின்றன. ஆழமான நீர் மனிதர்களையும் பிற விலங்குகளையும் அத்திட்டுகளை அணுகவிடாமல் தடுப்பதால் கூடுகளுக்குப் பாதுகாப்பு கிடைக்கிறது. இங்கே ஆழமே பறவைகளுக்கு வேலியாகிறது. ஆழமற்ற ஓரம் இல்லாத குறையை நீக்க, தாவரங்கள் வளரும் மிதக்கும் ஈரநில மேடைகள் நீரில் விடப்பட்டுள்ளன. ஆழத்தை மாற்றாமலேயே நீரின் மேற்பரப்பில் ஓரப்பகுதியை உருவாக்கும் வழி இது.

75 மீட்டர் உயரமுள்ள புவாக்கா குன்றின் உச்சியிலிருந்து உபின் குவாரியின் முழுத் தோற்றத்தையும் காணலாம். வெட்டுச் சுவருக்கு மேலிருந்து ஏரியைப் பார்க்கக் கிடைக்கும் இடம் இது. தீவின் மேற்குப் பகுதியில் உள்ள கெத்தாம் குவாரியைச் சுற்றி மலைச்சைக்கிள் பூங்கா 2008இல் அமைக்கப்பட்டது. 45 ஹெக்டேர் பரப்புள்ள அதில், கடினத்துக்கேற்ப வகைப்படுத்தப்பட்ட தடங்கள் ஏரியைச் சுற்றி மேடும் பள்ளமுமாகச் செல்கின்றன.

பாதைகள் ஒரே பக்கத்தில் இருப்பது ஏன்

கெத்தாம் போன்ற சில இடங்கள் தவிர, இந்த ஏரிகளில் பெரும்பாலானவற்றை முழு வட்டமாகச் சுற்றி வர முடியாது. காரணம் குவாரியின் வடிவத்திலேயே இருக்கிறது. குன்றின் சரிவில் வெட்டப்படும் குவாரி அரைவட்டக் கிண்ணம் போன்றது. மேற்புறமும் இரு பக்கங்களும் சுவராகிவிடும். லாரிகள் வந்துபோகும் தாழ்வான பக்கம் மட்டும் திறந்திருக்கும். வேலை முடிந்தபின் மனிதர் பாதுகாப்பாக நெருங்கக்கூடிய பக்கமும் அதுவே. பார்வைமேடைகள் அந்தப் பக்கத்தில் அமைவது இதனால்தான்.

சுவருக்கு அடியிலோ அதன் விளிம்பிலோ பாதை போடாததற்கு மற்றொரு காரணமும் உண்டு. வெடிவைத்து உடைத்த பாறையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் மிகுதி. மழைநீர் அவற்றில் இறங்குகிறது. வேர்கள் நுழைந்து அகலப்படுத்துகின்றன. வேலை நின்று பல ஆண்டுகள் ஆன பிறகும் கல் உதிரலாம். சுவரில் முளைக்கும் மரம் அழகுக்கு அழகு சேர்த்தாலும், அதன் வேர் அந்தச் சுவரைத் தளர்த்திக்கொண்டும் இருக்கலாம்.

கல்லுக்கு மேல் திரும்பும் காடு

கல் எடுத்த இடத்தில் மேல்மண் இருக்காது. அதனால் காடு திரும்புவது மெதுவாகவே நடக்கிறது. முதலில் பாசியும், பிறகு ரெசாம் எனப்படும் பன்னமும், மஞ்சள் பூப்பூக்கும் சிம்போ ஆயர் புதரும் வருகின்றன. அவற்றைத் தொடர்ந்து அல்பீசியா போன்ற விரைவாக வளரும் அயல்நாட்டு மரங்கள் எழுகின்றன. அல்பீசியாவின் கட்டை மென்மையானது; பலத்த காற்றில் கிளை முறிந்து விழும். ஆகவே பாதையோரங்களில் அவற்றைக் கண்காணிப்பதும், காப்பகத்தை ஒட்டிய பூங்காக்களில் உள்ளூர் மரவகைகளை நடுவதும் பராமரிப்பின் பகுதியாகின்றன.

நீளவால் குரங்கு, உடும்பு, மீன்கொத்தி, வெள்ளை வயிற்றுக் கடற்கழுகு ஆகியவை இந்த ஏரிகளின் சுற்றுப்புறத்தில் பலரும் காண்பவை. சிங்கப்பூரிலிருந்து மறைந்துபோயிருந்த கறுப்பு வெள்ளை இருவாச்சிப் பறவை 1990களில் புலாவ் உபினில் மீண்டும் காணப்பட்டது. செயற்கைக் கூடுகளின் உதவியுடன் அங்குப் பெருகி, இப்போது முதன்மைத் தீவிலும் பரவலாகக் காணப்படுகிறது.

நடப்போர் அறிய வேண்டியவை

இந்த ஏரிகளில் இறங்குவதும் நீந்துவதும் தடைசெய்யப்பட்டுள்ளன. நீச்சல் தெரிந்தவருக்கும் இத்தடை பொருந்தும். குவாரி நீரில் முதன்மையான ஆபத்து நீந்துவதில் இல்லை, கரையேறுவதில் இருக்கிறது. பிடித்து ஏறச் சரிவான கரை கிடையாது, பாறை வழுக்கும், களைத்தவர் நின்று இளைப்பாற இடமிராது. மேலே சூடாக இருக்கும் நீர் சற்றுக் கீழே குளிர்ந்திருப்பதும் தசைகளைத் தளரச் செய்யும். விழுந்தவரைக் காப்பாற்ற உடனே குதிப்பவரும் அதே நிலையில்தான் சிக்குவார். மிதக்கக்கூடிய பொருளை எறிந்துவிட்டு உதவிக்கு அழைப்பதே முறை. சிங்கப்பூரில் மருத்துவ வாகனத்துக்கும் தீயணைப்பு மீட்புக்கும் 995 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

வேலி கட்டப்பட்டுள்ள இடங்களில் வேலிக்கு அப்பால் தரை உறுதியாகத் தோன்றினாலும் அடியில் குடைவாக இருக்கலாம். படம் எடுப்பதற்காக அதைத் தாண்டுவது உயிருக்கு ஆபத்து.

சிங்கப்பூரில் இடியும் மின்னலும் அடிக்கடி வரும், பிற்பகலில் மிகுதி. திறந்த மேடையும் குன்றின் உச்சியும் மின்னலின்போது நிற்கத்தக்க இடங்கள் அல்ல. காலையில் தொடங்கி நண்பகலுக்கு முன் முடிப்பது வெயிலுக்கும் இடிமழைக்கும் பொருந்தும் வழக்கம். புக்கிட் தீமா இயற்கைக் காப்பகம் காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை திறந்திருக்கும். தண்ணீர், வழுக்காத செருப்பு, மழைக்கோட்டு, கொசு விரட்டி ஆகியவை போதுமான ஆயத்தம்.

குரங்குகளுக்கும் பிற காட்டு விலங்குகளுக்கும் உணவு கொடுப்பது சட்டப்படி குற்றம். கையில் பிளாஸ்டிக் பை தெரிந்தால் உணவு இருப்பதாகவே குரங்குகள் கருதுவதால், பொருள்களை முதுகுப்பைக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

முதல்முறை செல்பவர்க்கு ஏற்ற வரிசை எளிது. பியூட்டி வோர்ல்ட் எம்ஆர்டி நிலையத்திலிருந்து ஹிண்ட்ஹீட் பார்வைமேடைக்குச் சென்று, பின்னர் ரயில் காரிடார் வழியாக வடக்கே நடந்து சிங்கப்பூர் குவாரியை அடைந்து, ஹில்வியூ நிலையத்தில் முடிக்கலாம். நிற்க மட்டும் இடம் தரும் ஆழமான ஏரியையும், ஆழம் குறைக்கப்பட்டுப் பறவைகளுக்கு விடப்பட்ட ஈரநிலத்தையும் ஒரே காலைப்பொழுதில் ஒப்பிட்டுப் பார்க்க இந்த நடை உதவும்.